மாமாவுக்குப் பல் வலித்தது

2019 சித்திரை மாதம். என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை முன்னால் வைத்தால் இரண்டு வாய் எடுப்பார், தள்ளிவிடுவார். ராத்திரி தூக்கமும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தார். என்ன மாமா என்று கேட்டேன். "தலைக்குள்ள ஒருத்தன் சுத்தியல் வச்சு அடிக்கிறான் பாப்பா" என்றார்.

இதையே நான் சொல்லியிருந்தால், வீட்டில் தைலம் தேய்த்துவிட்டு ஒரு மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்கள். ஆனால் மாமாவுக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. பதினேழு வருடமாக அதற்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். அதனால் அவர் சொன்னதில் "ஒருத்தன்" என்ற சொல் மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. "மறுபடி ஆரம்பிச்சிருச்சு" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மனநலப் பிரிவில் அன்று நல்ல கூட்டம். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், நான் சொன்னேன். தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தலைக்குள் யாரோ அடிப்பதாகச் சொல்கிறார். ராத்திரி மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். மாமா பக்கத்து ஸ்டூலில் கன்னத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட அந்தக் கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

கூடுதல் மாத்திரையில் மாமா பகலெல்லாம் தூங்கினார். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். பதினோராம் நாள் வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனோம். அவர் லைட் அடித்துப் பார்த்தார். "கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிருக்கும்மா. இத்தனை நாள் எப்படித் தாங்குனாரு? உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னார். எந்த இடத்தில் வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கையை வைத்துக் காட்டியே சொன்னார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மனநோய் வந்தவரின் சொல் சொந்த வீட்டு அடுப்படி வரைக்கும்கூட ஏறுவதில்லை. எங்கள் வீட்டில் மாமாவின் பேச்சு எடுபட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது என்பது அந்தப் பல்லைப் பிடுங்கிய அன்றுதான் எனக்கு உறைத்தது. பசிக்கிறது என்றால் "இப்பத்தான சாப்பிட்டீங்க". கை நடுங்குகிறது என்றால் "பேசாம மாத்திரையைப் போடுங்க". கோபப்பட்டால் நோய், அழுதால் நோய். சிரித்தால் உடனே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ஒரு மனிதர் சொல்வதையெல்லாம் நோய்க் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தால் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலிக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வார்?

இதை நான் மிகைப்படுத்திக் கேட்கவில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இதயநோய், சர்க்கரை, தொற்றுநோய் என்று தடுத்திருக்கக்கூடிய சாவுகள். மாத்திரைகளில் சில உடம்பு எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும், அது ஒரு காரணம். வறுமை இன்னொரு காரணம். அவர்கள் சொல்லும் வலியை யாரும் வலியாக எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் அது ஒரு பல்லோடு போனது.

*

மாமா ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. 1996-ல், 24 வயதில், ரிங் ஃபிரேம் ஓடுகிற சத்தத்துக்குள்ளிருந்து தன் பேரைச் சொல்லி யாரோ கூப்பிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பார். அப்புறம் சூப்பர்வைசர் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்று தோன்றியது. மில்லில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் என்ன செய்வார்கள்? எல்லார் வீட்டிலும் செய்ததைத்தான் செய்தார்கள். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். வேப்பங்குழையால் அடித்ததில் மாமாவின் முதுகு வரிவரியாகத் தடித்தது. செய்வினை என்றார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்துவிட்டார்கள் என்றார்கள். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தத்தில் ஒரு பெண்ணையும் பார்த்தார்கள். நல்லவேளை, அது நடக்கவில்லை. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணை மருந்து மாதிரி கொண்டுவந்து சேர்ப்பது அவளுக்கும் அநியாயம், மாமாவுக்கும் அநியாயம்.

1999-ல் ஒரு ராத்திரி மாமா வீட்டை விட்டுப் போய்விட்டார். தண்டவாளத்தில் நடந்துபோய்க்கொண்டிருந்தவரை விடியற்காலையில் ரயில்வே கேங்மேன் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்து விட்டார். அதற்கு மறுநாள்தான் தாத்தா அவரைக் கட்டினார்.

தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. மகன் ரயிலில் அடிபட்டுச் செத்துவிடக்கூடாது என்ற பயத்தில் கட்டினார். காளைக்குப் போடுகிற சங்கிலி. ஒரு முனை தொழுவத்தின் கல்தூணில், ஒரு முனை மாமாவின் இடது கரண்டைக்காலில். புண் ஆகாமல் இருக்கட்டும் என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் காலில் சுற்றி, அதன்மேல் பூட்டைப் போட்டார். அப்படியும் புண் ஆனது. இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைக்காமல் தோல் பளபளவென்று வளையம் மாதிரி இருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலச் சோற்றைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. "கிட்டப் போகாத, தூரமா வச்சிட்டு ஓடி வந்துரு" என்று சொல்லி அனுப்புவார்கள். சங்கிலி எதுவரைக்கும் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் நடந்து நடந்து, சாணித்தரையில் ஓர் அரைவட்டம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளித் தட்டை வைப்பேன். மாமா குப்புறப் படுத்து, கட்டிய காலைப் பின்னால் நீட்டி, கையை எட்டிப்போட்டுத் தட்டின் விளிம்பை விரலால் இழுப்பார்.

"பாப்பா, கொஞ்சம் உள்ள தள்ளி வையேன்" என்பார். தினமும் சொல்வார். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். நான் ஒரு நாள்கூடத் தள்ளி வைத்ததில்லை. இரண்டரை வருடம்.

*

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றி மனநோயாளிகளுக்காகத் தனியார்கள் நடத்திவந்த காப்பகங்களில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். தீயைப் பார்த்ததும் எழுந்து ஓடக்கூடிய உடல்நிலையில் இருந்தவர்கள்தான் பலரும். காலில் இருந்த இரும்புதான் விடவில்லை.

எங்கள் ஊரிலிருந்து ஏர்வாடிக்கு மூன்று மணி நேரம்தான். எங்கள் பக்கத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் போவார்கள். நம்பிக்கையோடு போகிறவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் மனநல டாக்டர் இல்லாத, டாக்டர் என்று ஒருவர் இருப்பதே தெரியாத குடும்பங்களுக்கு அது ஒன்றுதான் போக்கிடமாக இருந்தது. மாமாவையும் அங்கே கொண்டுபோய் விடலாமா என்று தாத்தா அந்த வருடம்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கரிக்கட்டைகளுக்கு நடுவில் சங்கிலி மட்டும் அப்படியே கிடந்தது. தாத்தா வாசித்துவிட்டு மடித்து வைத்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அரசாங்கம் ஒரு வாரத்தில் ஏர்வாடியில் இருந்த காப்பகங்களையெல்லாம் மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என 2002 பிப்ரவரியில் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவும் போட்டது. இதெல்லாம் பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் தொழுவத்துக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை.

பேப்பரைப் பார்த்த அன்றே சங்கிலியைக் கழற்றிவிட்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்னும் ஐந்து மாதம் மாமா அதே தூணில்தான் இருந்தார். 2002 தைப்பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப்பொங்கல். காலையில் மாடுகளை அவிழ்த்துக் கண்மாய்க்குக் குளிப்பாட்ட ஓட்டிக்கொண்டு போனார்கள். தொழுவத்தில் மாமா மட்டும் இருந்தார். அம்மா பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு நேராகத் தாத்தாவிடம் போனாள். "அப்பா, சாவியைத் தாங்க." அவ்வளவுதான் சொன்னாள். தாத்தா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்குப் பூட்டைத் திறக்க வரவில்லை. உள்ளே துருவேறிவிட்டது. தேங்காய் எண்ணெய் ஊற்றித்தான் திறந்தார்கள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாதம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை. நான்கைந்து மாதத்தில் மாமா தானாகக் குளித்தார், பேப்பர் படித்தார், தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தார். ஆறு வருடமாகப் பேய் என்றும் செய்வினை என்றும் சொன்னதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

*

சங்கிலி போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். மாமாவுக்கு அது முடியவே இல்லை.

2012-ல் தாத்தா இறந்தார். கொஞ்சம் மானாவாரி நிலம், வீடு. மாமாவுக்கும் அதில் பங்கு உண்டு. சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசும்போது மாமா, "என் பங்கை எனக்குப் பிரிச்சு விட்டுருங்க" என்றார். "அவனுக்கு என்ன தெரியும், அவன் கையெழுத்துச் செல்லாது" என்றார் ஒருவர். பத்து நாள் கழித்து அதே மனிதர் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்து, மாமாவிடம் கையெழுத்து வாங்கித் தரச்சொல்லி என்னிடம் கேட்டார். பங்கு கேட்டால் செல்லாத கையெழுத்து, பங்கை விட்டுக்கொடுத்தால் செல்லுமாம். அம்மா அந்தப் பத்திரத்தைத் திண்ணையிலேயே கிழித்துப்போட்டாள். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு அக்கா இருப்பதில்லை.

ஓட்டுச்சாவடியிலும் இதே கதைதான். ஏஜென்ட் ஒருவர், "இவருக்கு எதுக்கும்மா ஓட்டு?" என்று என்னிடம் கேட்டார், மாமா பக்கத்தில் நிற்கும்போதே. நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால் மட்டும்தான் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கக்கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர், ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் என்பதெல்லாம் காரணமே ஆகாது. இதை நான் சொல்வதற்குள் மாமா உள்ளே போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மோட்டார் ரிப்பேர் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தார். ஃபிட்டர் கை, போகவில்லை. மோட்டார் காயில் சுற்றுவதில் அந்தக் கடையிலேயே அவர்தான் சுத்தம். மற்றவர்களுக்குக் கொடுத்ததில் பாதிச் சம்பளம்தான் அவருக்கு. கேட்டதற்கு, "சும்மா வீட்ல இருக்கிறதுக்கு வெளிய வந்து போறாருல்ல" என்று பதில். வேலை செய்வதே அவருக்குக் கொடுக்கிற மருந்து மாதிரியும், அதனால் கூலி வேண்டியதில்லை என்பது போலவும். பெரிய வேலையில் இருப்பவர்களுக்கும் இதுதான் நிலைமை. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மனநோய் காரணமான நடத்தைக்காகத் துறை விசாரணைக்கு ஆளாகி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போராட வேண்டியிருந்தது. அப்படி விசாரணை நடத்துவதே ஒரு மறைமுகப் பாகுபாடு என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் அதிலுள்ள 21 வகை ஊனங்களுக்குள் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் வந்துவிட்டால் அதைக் காரணமாக வைத்து அரசு நிறுவனங்கள் அவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்றும் சொல்கிறது. மோட்டார் கடைக்கெல்லாம் அந்தச் சட்டம் எப்போது வந்து சேரும்?

எங்கள் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லூசு, மெண்டல், கிறுக்கு, மறை கழண்ட கேஸ். தினமும் எத்தனை தடவை சொல்கிறோம்! "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். 1794-ல் சென்னையில் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மனநோயாளிகளைப் பார்த்துவரும் ஆஸ்பத்திரி அது. டாக்டர் சாரதா மேனன் அறுபதுகளில் அதன் முதல் பெண் கண்காணிப்பாளராக இருந்து, வந்தவர்களைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று காட்டிய இடம். அந்த ஊர்ப் பேரையே வசவாக்கி வைத்திருக்கும்போது, அங்கே ஒரு முறை போனால் நன்றாகிவிடக்கூடிய பையனை எந்த அம்மா தைரியமாகக் கூட்டிப்போவாள்?

பேப்பர்களில் "மனநோயாளி வெறிச்செயல்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மாமா பேப்பர் படிக்கிறவர் என்று சொன்னேன் இல்லையா? அந்த மாதிரிச் செய்தி வருகிற நாளில் அவர் வெளியே போவதில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடி வாங்குகிறவர்கள்தான் அவர்கள். எங்கள் மாமா வாங்கியிருக்கிறார், பஸ் ஸ்டாண்டில், தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றதற்காக.

*

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்னால் 1987-ல் ஒரு சட்டம், அதற்கும் முன்னால் வெள்ளைக்காரன் காலத்து 1912-ஆம் வருடச் சட்டம். பழைய சட்டங்கள் மனநோயாளியை எங்கே வைப்பது, யார் வைப்பது என்பதைப் பற்றியே அதிகம் பேசின. புதுச் சட்டத்தை நான் பல் விஷயத்துக்கு அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாலாவது பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது. தன் மனநலச் சிகிச்சையைப் பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பாகப் படுகிறது என்பதை மட்டும் வைத்து, அவருக்கு அந்த முடிவெடுக்கிற திறனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொந்தக்காரரின் முகமும், ஏஜென்ட் முகமும், என் முகமும்தான் ஞாபகம் வந்தன.

சங்கிலியால் எந்த விதத்திலும் கட்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மயக்கமருந்து கொடுக்காமல் மின்அதிர்வுச் சிகிச்சை கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக்கூடாது. காப்பகத்தில் வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். தெருவில் திரிகிறவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் லாக்கப்பில் அடைக்கக்கூடாது. உடம்பு நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது பிரிவு. நன்றாக இருக்கும்போதே ஒருவர், "நாளைக்கு எனக்கு முடியாமல் போனால் என்னை இப்படிப் பாருங்கள், இதையெல்லாம் செய்யாதீர்கள், என் சார்பில் இன்னார் பேசட்டும்" என்று எழுதிவைக்கலாம். அதை மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். டாக்டரும் வீட்டாரும் அதன்படி நடக்க வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை மாற்ற வேண்டும் என்று டாக்டருக்கோ வீட்டாருக்கோ தோன்றினால், வாரியத்திடம் போய்க் கேட்க வேண்டும், தாங்களாகவே தள்ளிவைக்க முடியாது. எத்தனையோ வருடமாக எடுபடாமல் போன பேச்சைக் காகிதத்தில் ஏற்றிக் கையெழுத்தும் போட்டால் சட்டம் அதைக் கேட்கச் சொல்கிறது.

மாமாவிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "நான் எழுதுனா கேப்பாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். கேட்கவைக்கிற பொறுப்பு என்னுடையது, உங்கள் சார்பில் பேசுகிற ஆளாக என் பேரை எழுதுங்கள் என்றேன். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் அடுத்த மாத மருந்துக்குப் போகிற நாள் வந்தது. புதிதாக ஒரு இளம் டாக்டர் இருந்தார். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, நாற்காலியை மாமா பக்கம் திருப்பிப்போட்டு, "நீங்க சொல்லுங்கய்யா, எப்படி இருக்கீங்க?" என்றார். மாமாவுக்குப் பதில் வர ரொம்ப நேரம் ஆனது. இந்த மருந்துகளில் பேச்சு நிதானமாகத்தான் வரும். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், நானே குறுக்கே விழுந்து சொல்லிவிடுவேனோ என்று பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ராத்திரி மாத்திரை போட்டா காலையில வாய் கட்டிக்கிது, சோறு எச்சில் மாதிரி இருக்கு" என்றார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். டாக்டர் அந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பத்து வருடமாக நான் அந்த அறையில் மாமாவுக்காகப் பேசியிருக்கிறேன், வாய் கட்டிக்கொள்வது எனக்குத் தெரியவே தெரியாது.

கூட்டம் அதிகம், டாக்டர்கள் குறைவு, எனக்கும் தெரியும். மாவட்ட மனநலத் திட்டம் வந்த பிறகு முன்னைவிட எவ்வளவோ தேவலை. ராத்திரியில் தவிக்கிறவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. குறை சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடம் கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், எங்கள் மாமாவுக்கு மட்டுமில்லை, அன்றைக்கு வெளியே நின்ற நாற்பது பேருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். கோடு போட்ட வெள்ளைத்தாள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊசி போடுவதாக இருந்தால் என்ன ஊசி என்று சொல்லிவிட்டுப் போடணும். எந்தக் கயிற்றிலும் எதிலும் கட்டக்கூடாது. தலைமுடியில் கை வைக்கக்கூடாது. பழைய நீல மாத்திரை வேண்டாம், அது சாப்பிட்டால் கை நடுங்கி ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருக்கும்போது தினமும் பேப்பர் கொடுக்கணும். உடம்பில் எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கணும். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதானா மாமா என்று கேட்டேன். இரு என்றார். தெருவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

2014-ல் ஒரு தடவை மாமாவுக்கு மறுபடி ரொம்ப முடியாமல் போனது. மாத்திரையை நிறுத்திவிட்டார், நான்கு நாள் தூங்கவில்லை. ஆட்டோவை வாசலில் நிறுத்தி, இரண்டு சித்தப்பாமார்களும் பக்கத்து வீட்டுப் பையன்களுமாகக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். கைலியோடு, வெற்று உடம்போடு. தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒரு பையன் போன் வைத்துப் படம் பிடித்தான். எங்களுக்கு இருந்த பதற்றத்தில் நாங்கள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மாமாவுக்கு அப்போது நினைவே இல்லை, எதுவும் ஞாபகம் இருக்காது என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு எழுது பாப்பா" என்றார். "என்னையக் கூட்டிட்டுப் போகும்போது சட்டை போட்டு விடணும். பட்டனும் போடணும்."

எழுதினேன். அவர் தாளை வாங்கி, அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.